மாணவிகள் தாமே நடத்திய கூட்டம்

(பழைய மாணவிகள் சங்க நூற்றாண்டு ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



எங்கள் கல்லூரியின் கிறிஸ்தவ மாணவர் இயக்கத்தைப் பற்றிப் பேசும்படி கேட்டிருந்தீர்கள். எஸ்.சி.எம். என்றால்தான் எங்களில் பலருக்கு விளங்கும்.

யாழ்ப்பாணத்து மிஷன் பாடசாலைகளின் வரலாற்றைச் சொல்லும்போது 1816 இல் வந்திறங்கிய அமெரிக்க மிஷனரிமாரிலிருந்து தொடங்குவது வழக்கம். நான் அதற்குப் பத்து வருடம் முன்னே தொடங்குகிறேன். 1806 ஓகஸ்ற் மாதம், அமெரிக்காவில் வில்லியம்ஸ் கல்லூரி மாணவர் ஐந்து பேர் வெளியிலே ஜெபிக்கக் கூடினார்கள். இடியும் மழையும் வரவே ஒரு வைக்கோற்போரின் அருகே ஒதுங்கினார்கள். ஆசியாவுக்கு நற்செய்தி கொண்டுபோவதைப் பற்றி அங்கே பேசி ஜெபித்தார்கள். எந்த ஆசிரியரும் கூட்டாத கூட்டம் அது. முன்னின்றவர் சாமுவேல் மில்ஸ் என்ற மாணவர். அந்த வட்டத்தின் தூண்டுதலால் 1810 இல் அமெரிக்க மிஷன் சங்கம் உருவானது.

அந்த ஐவரில் ஒருவரான ஜேம்ஸ் றிச்சட்ஸ் 1816 இல் இங்கு வந்தார். 1822 இல் தெல்லிப்பழையிலே காலமானார். இரண்டு வருடம் கழித்து ஹரியற் வின்ஸ்லோ அம்மையார் உடுவிலில் பெண்பிள்ளைகளுக்கு விடுதிப் பாடசாலை தொடங்கினார். யாழ்ப்பாணத்துப் பெண்கல்விக்கு அது பெரிய திறப்பு. மாணவர் கூட்டம் என்று எதையும் சிறிதாக எண்ணவேண்டாம் என்பதற்கே இதைச் சொல்கிறேன்.

1895 இல் உலக மாணவர் கிறிஸ்தவ சம்மேளனம் உருவானது. எங்கள் மண்ணின் டி. ரி. நைல்ஸ் போதகர் பிற்காலத்தில் அதன் தலைவராகவும் இருந்தார். 1948 இல் அம்ஸ்ரர்டாமில் கூடிய உலகத் திருச்சபைகள் மன்றத்தின் முதற் பேரவையிலே உரையாற்றியபோது அவருக்கு நாற்பது வயது.

இனி எங்கள் கூட்டத்துக்கு வருவோம். வாரத்தில் ஒரு நாள், பாடசாலை விட்டபின் ஒரு மணித்தியாலம். தலைவி, செயலாளர், பொருளாளர் எல்லோரும் மாணவிகள். பொறுப்பாசிரியை பின்வாங்கிலே இருப்பார்; கேட்டால் மட்டும் பேசுவார். வேதபகுதியைத் தெரிவதும் விளக்குவதும் நாங்களே. சில நாள் விளக்கம் குழம்பும். அதைத் திருத்துவதும் எங்களில் ஒருத்திதான். நாலு பேர் முன்னால் வாய் திறக்காத பிள்ளை அங்கே சத்தமாக ஜெபிக்கப் பழகினாள். உண்டியற் காசை எண்ணிக் கணக்கு எழுதினோம். அதை எந்த வீட்டுக்குக் கொடுப்பது என்று வாதாடினோம். கூட்டம் நடத்துவதும், கணக்குக் காட்டுவதும், ஒத்துவராதவளோடு சேர்ந்து வேலை செய்வதும் எங்களுக்கு அங்கேதான் பழகின.

எங்களோடு படித்தவர்களில் பெரும்பாலோர் சைவப் பிள்ளைகள். மிஷன் பாடசாலையிலே படித்து, அங்கேயே கற்பித்த ஆறுமுக நாவலர் 1848 இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையை ஏன் தொடங்கினார் என்பதை நாங்கள் மறக்கக்கூடாது. படிப்புக்கு விலையாகச் சமயத்தைக் கேட்பதாக ஒரு பிள்ளை உணர்ந்தால் அந்த ஊழியம் பிழைத்துப் போகும். வர விரும்புகிறவள் வரவும், வேண்டாம் என்கிறவள் மனக்கசப்பில்லாமல் போகவும் கதவு திறந்திருக்கவேண்டும். ஒரே வகுப்புத் தோழிகள் நடத்தும் கூட்டத்தில் இது இயல்பாக நடந்தது.

1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமம் முழுதும் இடம்பெயர்ந்தது. தென்மராட்சியிலே வேறு பாடசாலைகளின் கட்டடங்களில் மாலைநேர வகுப்புகள் நடந்தன. எங்களுக்கு மண்டபமும் இல்லை, பியானோவும் இல்லை. ஆனாலும் பிள்ளைகள் ஒருவரையொருவர் தேடிப்பிடித்து மரத்தடியிலே கூடினார்கள். தலைமை மாணவிகளிடம் இருந்தபடியால்தான் கூட்டம் அவர்களோடு கூடவே இடம்பெயர்ந்து வந்தது.

இதைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. நூற்றாண்டு நினைவாக ஜெப மண்டபம் கட்டலாம், சம்பளத்துக்கு ஊழியர் ஒருவரை வைக்கலாம் என்று எங்களில் சிலருக்கு ஆசை. நல்ல ஆசைதான். ஆனால் முதலில் பிள்ளைகளைக் கேளுங்கள். இன்று அவர்களுக்குக் குறைவாக இருப்பது கட்டடமல்ல, நேரம். மணி அடித்ததும் ரியூசனுக்கு ஓடவேண்டும். பெற்றோரிடமும் பாடசாலையிடமும் பேசி வாரத்தில் அந்த ஒரு மணித்தியாலத்தை மீட்டுக் கொடுப்பதே எங்கள் சங்கம் செய்யக்கூடிய பெரிய உதவி. வேறு பாடசாலைப் பிள்ளைகளைச் சந்திக்கப் போக பஸ் செலவு, ஒரு தியான நாளுக்குச் சாப்பாட்டுச் செலவு என்று சிறு தொகைகளைக் கொடுப்போம். கணக்கை அவர்களே எழுதட்டும். அவர்கள் கூட்டத்தை எங்கள் கையில் எடுத்தால், எங்களுக்கு அன்று கிடைத்ததை அவர்களிடமிருந்து பறித்தவர்களாவோம்.

பிள்ளைகளே, கூட்டம் உங்களுடையது. பேச்சாளர் வேண்டுமென்றால் கூப்பிடுங்கள், வருகிறோம். பேசி முடித்ததும் பின்வாங்கில் போய் இருந்துகொள்வோம்.

கடவுள் எங்கள் கல்லூரியையும் உங்கள் எல்லோரையும் ஆசீர்வதிப்பாராக.