காசும் பிறப்பும்



வெண்பா இலக்கணம் படித்தவர்கள் மறந்திருக்கமாட்டீர்கள். அதன் ஈற்றுச்சீர் நாள், மலர், காசு, பிறப்பு என்னும் நான்கு வாய்பாடுகளுள் ஒன்றில் முடிதல் வேண்டும். இருபது ஆண்டுகளுக்கு மேலாக வகுப்பில் இதனைச் சொல்லிக் கொடுத்து வருகிறேன். ‘காசு, பிறப்பு’ என்று அடுத்தடுத்துச் சொல்லும்போதெல்லாம் ஒரு செப்புக்காசு என் நினைவுக்கு வருகிறது. இன்றைய பேச்சு அந்தக் காசைப் பற்றியது.

2003 ஆம் ஆண்டு, நான் ஆசிரியனாகச் சேர்ந்த புதிது. மருதமுனையிலிருந்து வரும் மாணவன் ஒருவன் கடதாசியில் சுற்றிய காசொன்றை என் மேசையில் வைத்தான்.

“சேர், கிணறு வெட்டக்குள்ள வந்த காசு. வாப்பா உங்களுக்கிட்டக் காட்டச் சொன்னார்.”

காசு முழுவதும் பச்சைக் களிம்பு. ஓரத்தில் எழுத்துப்போல ஏதோ தெரிந்தது. தமிழ் படித்தவன் எழுத்தைக் கண்டால் சும்மா இருப்பானா? வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பழப்புளி போட்டு நன்றாகத் தேய்த்தேன். காசு பளபளத்தது. ஆனால் களிம்போடு எழுத்தும் போயிற்று. ஒரு பக்கத்தில் நிற்கும் மனித உருவத்தின் கோடுகள் மட்டும் மிஞ்சின. மறுபக்கம் வெறும் செம்பு.

அந்த உருவம் யார்? பிற்காலத்தில் நாணயவியல் நூல்களைப் புரட்டியபோதுதான் என் அறியாமையின் அளவு எனக்கே விளங்கிற்று. இராஜராஜ சோழனின் பெயர் பொறித்த காசில் ஒரு பக்கம் நிற்கும் உருவமும் மறுபக்கம் அமர்ந்த உருவமும் உண்டு. பெயர் நாகரி எழுத்தில் இருக்கும். அதே அமைப்பைப் பின்பற்றியே முதலாம் பராக்கிரமபாகு முதலான பொலன்னறுவை மன்னர்களும் காசு வெளியிட்டனர். லீலாவதி என்ற அரசியின் காசும் அவ்வாறானதே. யாழ்ப்பாணத்து ஆரியச்சக்கரவர்த்திகளின் சேதுக் காசிலும் ஒரு பக்கம் நிற்கும் உருவம்தான். மறுபக்கத்தில் படுத்திருக்கும் நந்தியும் ‘சேது’ என்ற தமிழ்ச் சொல்லும் காணப்படும். சோழன், சிங்கள மன்னன், அரசி, யாழ்ப்பாணத்து வேந்தன் ஆகிய எல்லோருக்கும் ஒரே உருவம். வேறுபடுத்திக் காட்டுவது மறுபக்கமும் எழுத்துமே. அந்த இரண்டையும்தான் நான் பழப்புளியால் அழித்தேன்.

எழுத்து போனாலும் இடம் தெரிந்திருந்தால் ஓரளவு ஈடுசெய்திருக்கலாம். சேதுக் காசின் கதையே இதற்குச் சான்று. இராமநாதபுரத்துச் சேதுபதிகளுக்கும் ‘சேது’ உரிய சொல் அல்லவா? ஆகவே அக்காசு எவருடையது என்ற கேள்வி எழுந்தது. அது யாழ்ப்பாணத்தில் ஏராளமாகக் கிடைத்தமையும், ஆரியச்சக்கரவர்த்தியைக் குறிக்கும் கோட்டகமக் கல்வெட்டு ‘சேது’ என்று தொடங்குவதும் சேர்ந்தே அதனை யாழ்ப்பாண மன்னர்களுக்கு உரியதாக்கின. காசின் மேலுள்ள எழுத்து பாதிச் சாட்சி. அது கிடந்த மண் மறுபாதி.

எந்த வளவு, எத்தனை முழ ஆழம் என்று அன்று அந்தப் பிள்ளையிடம் நான் கேட்கவில்லை. பிறகு கேட்கலாம் என்றிருந்தேன். 2004 டிசம்பர் 26 ஆம் திகதி கடல் வந்தது. அவர்கள் குடும்பம் உயிர் தப்பி வேறூர் போய்விட்டது. கிணறு இருந்த ஒழுங்கையையே அடையாளம் காண முடியவில்லை.

இதையெல்லாம் இப்போது சொல்வதற்கு ஒரு காரணம் உண்டு. அண்மையில் கட்டாரிலிருந்து வந்த பழைய மாணவர் ஒருவர் உலோகங்காட்டும் கருவியின் படத்தைக் காட்டினார்.

“சேர், இந்த மெசின் ஒண்டு வந்தா நம்மட கடற்கரையில எவ்வளவு பழங்காசு எடுக்கலாம்!”

கருவியின் தத்துவம் எளியது. சுருளில் மாறிக்கொண்டிருக்கும் மின்னோட்டம் காந்தப்புலத்தை உண்டாக்கும். மண்ணுள் உலோகம் இருந்தால் அதிலும் மின்னோட்டம் தூண்டப்பட்டுக் கருவி ஒலிக்கும். 1881 இல் அமெரிக்க ஜனாதிபதி கார்பீல்டின் உடலில் பாய்ந்த குண்டைத் தேடக் கிரகாம் பெல் இத்தகைய கருவியொன்றைப் பயன்படுத்தினார். குண்டு அகப்படவில்லை. நமது மாகாணத்தில் சோதனைச் சாவடியிலும் கண்ணிவெடி அகற்றும் வயலிலும் இதன் ஒலியைக் கேட்டோம். உலோகம் உண்டென்று அது சொல்லும். அது யாருடைய காசு என்று சொல்லாது.

1992 இல் இங்கிலாந்தின் ஹொக்ஸன் என்ற கிராமத்தில் எரிக் லோஸ் என்பவர், நண்பர் தொலைத்த சுத்தியலைத் தேடி இக்கருவியோடு வயலில் நடந்தார். அகப்பட்டவை உரோமர் காலத்துப் பொன், வெள்ளிக் காசுகள். அவர் தொடர்ந்து தோண்டாமல் நிறுத்தி அறிவித்தார். தொல்லியலாளர் வந்து ஏறத்தாழ 15,000 காசுகளை எடுத்தனர். அவை மரப்பெட்டியில் எவ்வாறு அடுக்கப்பட்டிருந்தன என்பதையும் அறிந்தனர். அந்தச் சுத்தியலும் இன்று பிரித்தானிய அரும்பொருளகத்தில் இருக்கிறது.

நமது நாட்டில் 1940 ஆம் ஆண்டின் தொல்பொருட் கட்டளைச் சட்டப்படி மண்ணில் மறைந்துள்ள தொல்பொருள் அரசுக்குரியது. அனுமதியின்றித் தோண்டுவது குற்றம். ஆனால், “காசு கிடைத்தது என்று சொன்னால் காணி போய்விடும்” என்றே நம்மூரில் பலர் அஞ்சுகின்றனர். அந்த அச்சம் காரணமற்றது அன்று. 2020 இல் கிழக்கு மாகாணத் தொல்பொருட்களுக்கென ஜனாதிபதிச் செயலணி அமைக்கப்பட்டபோது அதில் ஒரு தமிழரோ முஸ்லிமோ இருக்கவில்லை. எனினும் அஞ்சி மறைத்தால், இரகசியமாய் விற்றால், நமது சாட்சியையும் நாமே புதைத்தவர்களாவோம். ஒரே உருவத்தைச் சோழனும் சிங்கள மன்னனும் தமிழ் வேந்தனும் பொறித்துக்கொண்ட காசைவிட, இந்த மண் எவரொருவருக்கும் மட்டும் உரியதன்று என்று சொல்ல வேறு சாட்சி வேண்டுமா?

ஆகவே, கிணறு வெட்டும்போதோ அத்திவாரம் போடும்போதோ காசு தென்பட்டால் தேய்க்காதீர்கள். இடம், ஆழம், திகதி மூன்றையும் எழுதுங்கள். படம் எடுங்கள். அறிவிக்கும்போது எழுத்தில் அறிவித்து, பிரதியொன்றைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

கட்டாரிலிருந்து வந்தவருக்கும் இதையே சொன்னேன். அவர் சிரித்துக்கொண்டு, “அப்ப மெசின் வேணாம், கொப்பி ஒண்டு வாங்குவம், என்ன சேர்?” என்றார்.

என் மேசை லாச்சியில் அந்தச் செப்புக்காசு இன்றும் பளபளவென்று கிடக்கிறது. காசு இருக்கிறது. அதன் பிறப்பைத்தான் தொலைத்துவிட்டேன்.