பிள்ளைகளின் கணக்கும் பெற்றோரின் துணையும்

(ஜெஞ்சாரோமில் தோட்டப் பெற்றோர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



இருள் பிரியுமுன் பெரட்டுக்குச் சென்று, வெயில் ஏறும்வரை உழைத்துவிட்டு, இம்மாலையில் பிள்ளைகளின் பொருட்டு இங்கே கூடியிருக்கிறீர்கள். கிள்ளானிலிருந்து பந்திங் செல்லும் இச்சாலையோரத்தில் ஒரு காலத்தில் ரப்பர் நின்ற நிலங்களில் இன்று பெரும்பாலும் செம்பனையே நிற்கிறது. பால்மரம் வெட்டுவோரும் செம்பனை வேலைக்கு மாறியோரும் இக்கூட்டத்தில் கலந்து அமர்ந்திருக்கிறீர்கள். வேலை எதுவாயினும் கவலை ஒன்றுதான் என்பதை, சற்றுமுன் வாசலில் ஒரு தாயார் என்னிடம் கேட்ட கேள்வி உணர்த்தியது.

"ஐயா, நான் ஆறாம் வகுப்போடு நின்றுவிட்டவள். என் மகன் கொண்டுவரும் பிரச்சனைக் கணக்கை வாசித்தாலே எனக்குத் தலை சுற்றுகிறது. நான் எப்படி அவனுக்கு உதவ முடியும்?" என்றார் அவர்.

என் உரை முழுவதும் அந்தத் தாயாருக்கான மறுமொழிதான்.

முதலில் ஒரு கணக்கைப் பார்ப்போம். ஒரு தொழிலாளி காண்டாக் கம்பில் இரண்டு வாளிப் பாலைச் சுமந்து வருகிறார். இரண்டிலும் சேர்த்து 46 கிலோ. ஒரு வாளியில் மற்றதைவிட 8 கிலோ அதிகம். ஒவ்வொரு வாளியிலும் எவ்வளவு?

பிள்ளைகள் பலர் 46-இலிருந்து 8-ஐக் கழித்து, 38 என்று எழுதிவிட்டு நின்றுவிடுவர். சற்றுக் கெட்டிக்காரப் பிள்ளை 46-ஐப் பாதியாக்கி 23 என்று கண்டு, ஒரு பக்கம் 8-ஐக் கூட்டி 31 என்றும், மறுபக்கம் 8-ஐக் கழித்து 15 என்றும் எழுதும். 31-ஐயும் 15-ஐயும் கூட்டினால் 46 சரியாகவே வருகிறது. ஆகவே அப்பிள்ளை மகிழ்ந்து புத்தகத்தை மூடிவிடும். ஆனால் இரண்டு வாளிகளுக்கும் உள்ள வேறுபாடு 8 அன்று, 16 ஆகிவிட்டது. கணக்கு சொன்ன இரண்டு செய்திகளில் ஒன்றை மட்டுமே பிள்ளை சரிபார்த்திருக்கிறது. இந்தத் தவற்றை நான் ஆசிரியராய் இருந்த காலத்தில் எத்தனையோ ஏடுகளில் கண்டிருக்கிறேன்.

இதே கணக்கைப் பால் வெட்டும் ஒருவரிடம் சொல்லிப் பாருங்கள். "அதிகமாக உள்ள 8 கிலோவைத் தனியே ஊற்றி வை. இப்போது இரண்டு வாளியும் சமம். மிச்சம் 38, அதில் பாதி 19. ஊற்றி வைத்ததைத் திரும்ப ஊற்றினால் 27" என்பார். ஏடும் வேண்டாம், பென்சிலும் வேண்டாம். 19, 27. கூட்டினால் 46, கழித்தால் 8.

இதில் எனக்கு ஒரு மனக்குறை உண்டு. பயிற்சி முடித்து ஆசிரியராகச் சேர்ந்த முதல் ஆண்டில், ஐந்தாம் ஆண்டு மாணவி ஒருத்தி இத்தகைய கணக்கொன்றுக்குச் சரியான விடையை எழுதி வந்தாள். செய்முறை இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு வாளிகளின் படம் மட்டும் இருந்தது. அப்பா சொல்லிக் கொடுத்தார் என்றாள். கணித வாக்கியம் எங்கே என்று கேட்டு, அந்தப் படத்தின் மீது சிவப்பு மையால் கோடிட்டேன். அதன்பின் அவள் வீட்டில் கணக்குக் கேட்பதையே நிறுத்திவிட்டாள் என்று பின்னர் அறிந்தேன். அந்தத் தந்தை அதற்குப் பிறகு பள்ளிக்கூட்டம் எதற்கும் வரவில்லை. சரியான விடை கண்ட ஒருவரை, தமக்குக் கணக்குத் தெரியாது என்று நம்பவைத்தவன் நான்.

அந்தப் படம் தவறானதன்று. இன்று பாடநூல்களே கட்டங்களையும் கோடுகளையும் வரைந்து இத்தகைய கணக்குகளை விளக்குகின்றன. ஹங்கேரியில் பிறந்த ஜோர்ஜ் போல்யா என்னும் கணித அறிஞர், கடினமான கணக்கை அணுகும் முறையைப் பற்றி 1945-ஆம் ஆண்டில் ஒரு நூல் எழுதினார். கணக்கைப் புரிந்துகொள்ளுதல், வழியைத் திட்டமிடுதல், செய்து முடித்தல், திரும்பிப் பார்த்தல் என நான்கு படிகளை அவர் கூறினார். நம் நாட்டுத் தொடக்கப்பள்ளிக் கணிதப் பாடத்திட்டமும் இந்த நான்கு படிகளை ஏற்றுக்கொண்டுள்ளது. இவற்றுள் மூன்றாவது படிக்குத்தான் பள்ளியில் கற்ற முறை வேண்டும். மற்ற மூன்றிலும் பெற்றோர் துணை நிற்க முடியும்.

எப்படி? பிள்ளை கணக்கைக் கொண்டுவந்தால், "இதில் என்ன நடந்தது? உன் சொல்லில் எனக்குச் சொல்" என்று கேளுங்கள். பிள்ளை சொல்லத் தடுமாறினால், அதற்குக் கணக்கு இன்னும் புரியவில்லை என்று பொருள். வாசிப்பில்தான் தடை, கூட்டல் கழித்தலில் அன்று. மீண்டும் மெதுவாக வாசிக்கச் செய்யுங்கள். அடுத்து, "அதைப் படமாகப் போடு" என்று சொல்லுங்கள். தாளில் முடியாவிடில் தீக்குச்சிகளையோ ரப்பர்க் கொட்டைகளையோ தரையில் அடுக்கட்டும். விடை வந்தபின், "கணக்கு சொன்னதெல்லாம் சரியாக வருகிறதா?" என்று கேளுங்கள். இந்தக் கேள்வியைக் கேட்கப் பட்டம் எதுவும் வேண்டியதில்லை. பால் ஸ்டோரில் நிறுத்த எடையையும் சம்பளச் சீட்டையும் ஒத்துப் பார்க்கும் கண்ணே போதும்.

விழுக்காட்டுக் கணக்கைக் கண்டு அஞ்சும் பிள்ளைகள் உண்டு. மரத்திலிருந்து வரும் பாலில் பெரும்பகுதி நீர். உலர்ந்த ரப்பர் ஏறத்தாழ 30 முதல் 40 விழுக்காடு வரை இருக்கும். 40 கிலோ பாலில் 35 விழுக்காடு ரப்பர் என்றால் எத்தனை கிலோ? பத்து விழுக்காடு 4 கிலோ. முப்பது விழுக்காடு 12. ஐந்து விழுக்காடு, பத்தில் பாதி, 2. ஆக 14 கிலோ. நம் பாட்டன்மார் கட்டியிலும் தாயிலிலும் நிறுத்த காலத்தில், 16 தாயில் ஒரு கட்டி, 100 கட்டி ஒரு பிக்குல் என்று இதைவிடக் கடினமான கணக்கை மனத்திலேயே போட்டனர்.

செய்யக் கூடாதவை சிலவும் உண்டு. விடையை நீங்களே சொல்லிவிடாதீர்கள். இக்காலத்தில் கைப்பேசியில் கணக்கைப் படமெடுத்தால் விடை உடனே வந்துவிடுகிறது. அந்த விடையைப் பார்த்து எழுதும் பிள்ளை, மறுநாள் வகுப்பில் எண் மாறியதும் திகைத்து நிற்கும். தலையில் கொட்டுவதும், "உன் அண்ணனைப் பார்" என்பதும் வேண்டாம். உறக்கம் கண்ணைச் சொருகும் நேரத்தில் கணக்கை எடுக்கவும் வேண்டாம். நாளுக்குக் கால் மணி நேரம், ஒரே ஒரு கணக்கு போதும்.

பிள்ளை தவறாகச் செய்ததை அழிக்கச் சொல்லாதீர்கள். நின்றுபோன இடத்தில் பென்சிலால் ஒரு வட்டம் போட்டு அனுப்புங்கள். எழுத்தறியாதவரும் வட்டம் போடலாம். திருத்தி அழகாக எழுதிய ஏட்டைவிட அந்த வட்டமே ஆசிரியருக்கு அதிகம் சொல்லும்.

இன்னொன்றையும் குறிப்பிட வேண்டும். 2003-ஆம் ஆண்டு முதல் தமிழ்ப்பள்ளிகளிலும் கணிதம் ஆங்கிலத்தில் கற்பிக்கப்பட்ட காலம் ஒன்றிருந்தது. பிள்ளையின் புத்தகத்தைத் திறந்து பார்த்துவிட்டுப் பேசாமல் மூடிவைத்த பெற்றோரை நான் அறிவேன். அக்கொள்கையைக் கைவிட 2009-இல் முடிவாயிற்று. இருமொழித் திட்டத்தில் சேர்ந்த பள்ளிகள் தவிர, தமிழ்ப்பள்ளிகளில் கணிதம் இன்று தமிழிலேயே உள்ளது. யு.பி.எஸ்.ஆர். தேர்வும் 2021-இல் கைவிடப்பட்டது. தேர்வு போய்விட்டதே, இனி எதற்கு இத்தனை பாடு என்று சிலர் கேட்கின்றனர். உயர்நிலைச் சிந்தனைக் கேள்விகள் போய்விடவில்லை. இடைநிலைப்பள்ளியில் அவை இன்னும் கடினமாகவே வரும். அங்கே பாடமொழியும் மாறிவிடும். வீட்டுமொழியில் பேசிச் சிந்திக்கப் பழக இந்த ஆறு ஆண்டுகள்தாம் நம் கையில் உள்ளன.

விடைபெறுமுன், நம் பாட்டிமார் கேட்கும் பழைய புதிர் ஒன்றைத் தந்து செல்கிறேன். ஒரு குளத்தில் சில தாமரைகள். சில பறவைகள் பறந்து வந்தன. பூவுக்கு ஒரு பறவையாக அமர்ந்தால் ஒரு பறவைக்குப் பூ இல்லை. பூவுக்கு இரண்டாக அமர்ந்தால் ஒரு பூவில் பறவை இல்லை. பறவைகள் எத்தனை, பூக்கள் எத்தனை?

விடையை நான் சொல்லப் போவதில்லை. இன்றிரவு பிள்ளைகளோடு தரையில் அமர்ந்து, கொட்டைகளை அடுக்கிப் பாருங்கள். வாசலில் என்னிடம் கேள்வி கேட்ட அந்தத் தாயார், மகனுக்கு முன்பாகவே விடையைக் கண்டுபிடித்துவிட்டால், சற்று நேரம் அதை வெளியில் சொல்லாதிருக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.