ஆடம்பர வண்டியும் அதன் ஆயுளும்

1970ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் றோவர் கம்பனியார் ‘றேஞ்ச் றோவர்’ என்னும் மோட்டார் வண்டியை விற்பனைக்கு விடுத்தபோது, அதன் உட்புறத்தை நீர் பீய்ச்சிக் கழுவலாம் என்பது அதன் சிறப்புக்களுள் ஒன்றாக எடுத்துரைக்கப்பட்டது. ஆசனங்களுக்கு வைனைல் உறை. தரைக்கு இறப்பர் விரிப்பு. வயலிற் சேறு மிதித்த காலோடு ஏறலாம். மாலையில் அதே வண்டியில் விருந்துக்கும் போகலாம். அதனை உருவாக்கிய பொறியியலாளர் ஸ்பென் கிங் எண்ணியது இவ்வளவே. இதே வண்டியை நகரத் தெருக்களிற் பகட்டுக்காக ஓட்டுவோரை அவரே பின்னாளிற் கடிந்துகொண்டார் என்பது நினைவிற் கொள்ளத்தக்கது.

அதன் மூதாதை 1948இல் அம்ஸ்ரடாம் கண்காட்சியில் வெளிவந்த லாண்ட் றோவர். போருக்குப் பின் உருக்குத் தட்டுப்பாடு நிலவியமையால் அதன் உடல் அலுமினியக் கலப்புலோகத்தால் ஆக்கப்பட்டது. அலுமினியத்தில் இரும்பைப் போலத் துரு ஏறுவதில்லை. வறுமை தந்த வரம் என்றே சொல்லவேண்டும்.

றேஞ்ச் றோவரின் வலிமை 1971 – 72ஆம் ஆண்டுகளிற் கடுமையாகச் சோதிக்கப்பட்டது. ஜோன் பிளாஷ்போர்ட் ஸ்னெல் தலைமையிற் சென்ற பிரித்தானியக் குழுவினர் இரண்டு வண்டிகளை அலாஸ்காவிலிருந்து தென்னமெரிக்காவின் தென்கோடிவரை செலுத்தினர். இடையிலே பனாமாவுக்கும் கொலம்பியாவுக்கும் நடுவிற் பாதையே இல்லாத டேரியன் காடு. அதனைக் கடக்க ஏறத்தாழ 100 நாட்கள் சென்றன. சதுப்பு நிலத்துக்கென்று பெரிய ரயர்களைப் பூட்டினார்கள். அவற்றின் சுமை தாங்காது சக்கரங்களுக்கு வலுவைப் பகிர்ந்தளிக்கும் பற்சில்லுத் தொகுதிகள் நொறுங்கின. இங்கிலாந்திலிருந்து பொறியியலாளர் ஒருவர் விமானமேறி வரவேண்டியதாயிற்று. எனினும் உடைந்தது இன்னதென்று கண்ணுக்குத் தெரிந்தது. மாற்றியதும் வண்டி ஓடிற்று.

பின்னர் வந்த பழுதுகள் வேறு வகையின. 1981இல் நான்கு கதவுகள் வந்தன. தோலாசனமும் மரப்பூச்சும் தொடர்ந்து வந்தன. 1992இல் உருக்குச் சுருள்வில்லுக்குப் பதிலாகக் காற்றுப்பைகள் அமைக்கப்பட்டன. சக்கரந்தோறும் ஓர் இறப்பர்ப் பை. அவற்றுக்குக் காற்றூட்ட ஒரு மின்பம்பி. வண்டியின் உயரத்தை அளக்கும் உணர்கருவிகள். இவையனைத்தையும் ஆளும் இலத்திரனியற் பெட்டி. அதில் ஏறியவர்கள் மேகத்தில் மிதப்பதாக மகிழ்ந்தனர். பொய்யன்று.

ஆனால் இறப்பருக்கும் முதுமை உண்டு. சில ஆண்டுகளிற் பையின் மடிப்புகளில் நுண்ணிய வெடிப்புத் தோன்றும். இரவெல்லாம் காற்றுக் கசியக் காலையில் வண்டி ஒரு மூலையிற் குந்தியிருக்கும். கசிந்ததை நிரப்பப் பம்பி ஓயாது இயங்கும். ஓயாது இயங்கியதால் ஒருநாள் எரிந்துபோகும். சில நூறு ரூபாவில் தீர்ந்திருக்கக்கூடிய குறை அன்று என்றாலும், பையை வேளைக்கு மாற்றியிருந்தால் பம்பியாவது பிழைத்திருக்கும். எஞ்சினைக் குளிர்விக்கும் நீர் செல்லும் பிளாஸ்டிக் குழாய்களின் கதையும் இதுவே. வெப்பத்தில் ஆண்டுக்கணக்காக வெந்து அவை நொறுங்கும் தன்மை அடைகின்றன. நீர் ஒழுகியதை உடைமையாளர் கவனியாது ஓட்டினால் எஞ்சினே அழிகிறது.

இந்தத் துன்பம் முதலாவது உடைமையாளரைச் சேர்வது அரிது. உத்தரவாதக் காலம் முடியுமுன் அவர் வண்டியை விற்றுவிடுகிறார். புதியதாய் இருந்தபோது எட்டாத வண்டி பாதி விலைக்கோ அதனினும் குறைவாகவோ கிடைக்கிறதே என்று இரண்டாமவர் வாங்குகிறார். வண்டியின் விலைதான் பாதியானது; உதிரிப்பாகத்தின் விலை பாதியாகவில்லை. சேமிப்பைக் கொட்டி வாங்கியவர் திருத்துவதற்குப் பணமின்றி, எச்சரிக்கை விளக்கைப் பார்த்தும் பாராததுபோல் ஓட்டுகிறார். அவரைப் பேராசைக்காரர் என்று ஏசுவது எளிது. விற்றவர் பழைய பற்றுச்சீட்டுகளைக் காட்டாமல் மறைத்ததை யார் கேட்பது?

ஜப்பானியர் வேறு வழியிற் சென்றனர். ரொயோட்டாவின் ஜீப் 1951இல் பியூஜி மலையின் ஆறாம் நிலையம்வரை ஏறியது. 1954இல் ‘லாண்ட் குறூசர்’ என்று பெயர் பெற்றது. 1984இல் வெளிவந்த அதன் 70ஆம் வரிசை நாற்பதாண்டுகள் கடந்தும் உற்பத்தியில் இருந்தது. தேறிய உறுப்பை எளிதில் மாற்றாத பிடிவாதம் அது. 1996இல் லாண்ட் குறூசரின் மீதே ‘லெக்சஸ்’ என்னும் ஆடம்பரப் பெயரைச் சூட்டி அமெரிக்காவில் விற்றனர். அந்நாட்டு நுகர்வோர் சஞ்சிகையின் ஆய்வுகளில் லெக்சஸ் பன்முறை முன்வரிசையிலும் லாண்ட் றோவர் பின்வரிசையிலும் வந்துள்ளன. லெக்சஸுக்கும் உயரத்தை மாற்றும் எண்ணெய் அமைப்பு உண்டு; அதுவும் பழுதாவதே.

இலங்கையில் 2020 மார்ச் முதல் 2025 தொடக்கம்வரை தனியார் வாகன இறக்குமதி தடைப்பட்டிருந்த காலத்தில், பழைய வண்டியைக் கழிக்கவும் இயலாது புதியதை வாங்கவும் இயலாது பலர் தவித்தனர். நீடித்த உழைப்பு என்பது அப்பொழுது விளம்பரச் சொல்லாக இருக்கவில்லை.

பழைய றேஞ்ச் றோவரை விட்டுப் பிரிய மனமில்லாத சிலர் ஒரு வழி கண்டிருக்கிறார்கள். காற்றுப்பைகளைக் கழற்றிவிட்டு, 1970இல் இருந்ததுபோன்ற உருக்குச் சுருள்விற்களைப் பூட்டுகிறார்கள். அதற்கென்றே உறுப்புத் தொகுதிகள் விற்பனைக்கு உள்ளன. வண்டி முன்போல மிதப்பதில்லை. உயர்வதும் தாழ்வதும் இல்லை. ஆனால் காலையிற் கதவைத் திறந்து பார்க்கும்போது, இரவு விட்ட உயரத்திலேயே நிற்கிறது.