மிதிச்சா மட்டும் மிஸ்ஸிங்: பீங்கான்ல ஒரு கருப்புக் கோடு

(எபிசோடில் பேசியது, வாசிப்பதற்காகச் சற்றே திருத்தப்பட்டது)

விருத்தாசலத்துலேர்ந்து பேசறேன். இன்னைக்கு ஒரே ஒரு பிரச்சினையை எடுத்துக்கலாம். கார் நின்ன இடத்துல நல்லா ஓடுது, மெதுவா போனாலும் நல்லா ஓடுது. ஆக்சிலரேட்டரை அழுத்தி மிதிச்சா மட்டும் மிஸ்ஸிங் அடிக்குது.

எங்க சித்தப்பாவோட பெட்ரோல் கார்ல இதுதான் நடந்துச்சு. உளுந்தூர்பேட்டை ரோட்டுல கரும்பு லோடு டிராக்டரைத் தாண்டப் போனப்போ வண்டி குலுங்கி இழுவை விட்டுடுச்சு. எதிர்ல பஸ். பிரேக் போட்டு டிராக்டருக்குப் பின்னாடியே ஒதுங்கிட்டார். ஒர்க்‌ஷாப்ல, "நாலு இக்னிஷன் காயிலையும் மாத்திடலாம்"னு சொல்லியிருக்காங்க. "மாத்திடலாமாடா?"ன்னு என்னைக் கேட்டார். "ஒரு நாள் பொறுங்க சித்தப்பா, எதுன்னு பாத்துட்டு மாத்தலாம்"னேன்.

ஏன் மிதிக்கும்போது மட்டும் வருது? மிதிச்சா சிலிண்டருக்குள்ள காத்து அதிகமா நிறையும், அழுத்தம் ஏறும். நெருக்கமான காத்தைத் தாண்டிக் குதிக்கணும்னா பொறிக்கு அதிக வோல்டேஜ் வேணும். சும்மா ஓடும்போது சுமார் 10,000 வோல்ட் போதும்னா, முழுச் சுமையில 20,000-ஐயும் தாண்டலாம். அந்த நேரத்துல வேற சுலபமான வழி கிடைச்சா மின்சாரம் அந்தப் பக்கம் போயிடும். சிலிண்டருக்குள்ள பொறியே விழாது.

நம்ம ஊர்க்காரங்களுக்கு இதை ரொம்ப விளக்க வேண்டியதில்ல. செராமிக் தொழிற்பேட்டையில பியூஸ் கேரியரும் இன்சுலேட்டரும் செய்யறதைப் பாத்து வளந்தவங்க நாம. மின்சாரத்துக்குக் குறுக்குவழி கிடைக்காம அடைக்கறதுதான் பீங்கானோட வேலை. ஸ்பார்க் பிளக்கோட வெள்ளை உடம்பும் பீங்கான்தான். அதுல பெரும்பகுதி அலுமினா. அதுமேல வரிவரியா மேடு இருக்கறதும் மின்கம்பத்து இன்சுலேட்டர்ல மடிப்பு இருக்கறதும் ஒரே காரணத்துக்குத்தான்: மேற்பரப்பு வழியா ஊர்ந்து போற மின்சாரத்துக்குத் தூரம் கூடணும்.

சரி, எந்த சிலிண்டர்னு எப்படித் தெரியும்? காரோட கம்ப்யூட்டருக்கே தெரியும். நாலு சிலிண்டர் இன்ஜின் 3,000 ஆர்பிஎம்-ல ஓடினா நொடிக்கு 100 தடவை எரியுது. ஒண்ணு தவறினா கிராங்க் ஒரு நொடிப்பொழுது மெதுவாகும். கிராங்க் சென்சார் அதைப் பிடிச்சுடும். ஸ்கேனரை மாட்டினா பி0301-லேர்ந்து பி0304 வரைக்கும் ஏதாவது ஒரு கோடு வரும். கடைசி எண்தான் சிலிண்டர் எண். சித்தப்பா கார்ல வந்தது பி0303.

இப்போ நாங்க சாஃப்ட்வேர்ல பிழை தேடற மாதிரிதான்: ஒரு நேரத்துல ஒண்ணை மட்டும் மாத்தணும். இன்ஜின் ஆறினதும் மூணாவது காயிலை முதல் சிலிண்டருக்கும், முதல் காயிலை மூணாவதுக்கும் மாத்தினேன். கோடை அழிச்சுட்டு, ஆள் நடமாட்டம் இல்லாத ரோட்டுல மூணாவது கியர்ல 2,000 ஆர்பிஎம்-லேர்ந்து முழுசா மிதிக்கச் சொன்னேன். அவர் ஓட்டினார், நான் ஸ்கேனரைப் பாத்தேன். ஒரே ஆள் ரெண்டையும் செய்யக் கூடாது. மறுபடியும் பி0303. அப்போ காயில் குத்தவாளி இல்ல. அடுத்து மூணாவது பிளக்கை ரெண்டாவதோட மாத்தினேன். பி0302 வந்துச்சு. பிளக்கோட சேர்ந்து கோளாறும் இடம் மாறிடுச்சு.

கழட்டிப் பாத்தா பீங்கான்ல மயிரிழை விரிசல், அதை ஒட்டி பென்சில்ல போட்ட மாதிரி ஒரு கருப்புக் கோடு. மின்சாரம் போன தடம் அதுதான். இரும்பு விளிம்பை ஒட்டி வளையமா பழுப்புக் கறை இருந்தா பயப்படாதீங்க, அது சாதாரணம். காயிலோட ரப்பர் உறைக்குள்ளயும் டார்ச் அடிச்சுப் பாருங்க. அங்கயும் கருப்புக் கோடு இருந்தா உறையையும் மாத்தணும். இல்லைன்னா புது பிளக்லயும் அதே இடத்துல தடம் விழும். இங்க உறை சுத்தமா இருந்துச்சு. நாலு புது பிளக் போட்டோம், இடைவெளியை மேனுவல் சொன்னபடி அளந்து, டார்க் ரெஞ்ச்ல நேரா முடுக்கினோம். சாக்கெட் சாய்ஞ்சா பீங்கான் விரிசல் விடும். காயில் ஒண்ணுகூட வாங்கலை.

காயிலையும் பிளக்கையும் மாத்தியும் கோளாறு அதே சிலிண்டர்லயே நின்னா இன்ஜெக்டர், கம்ப்ரஷன் பக்கம் போங்க. பி0300 வந்து பல சிலிண்டரும் கலந்து தவறுச்சுன்னா, முதல்ல பெட்ரோல் அழுத்தத்தைப் பாருங்க. பம்ப் பலவீனமானாலும் ஃபில்டர் அடைச்சாலும் மிதிக்கும்போதுதான் காட்டிக்கொடுக்கும்.

கடைசியா ஒண்ணு. செக் இன்ஜின் விளக்கு விட்டு விட்டு மின்னினா உடனே காலைத் தளர்த்துங்க. எரியாத பெட்ரோல் கேட்டலிட்டிக் கன்வர்ட்டருக்குள்ள போய் எரியும். உள்ள இருக்கற தேன்கூடும் பெரும்பாலும் பீங்கான்தான். எவ்வளவு சூடு தாங்கற பொருளா இருந்தாலும், இப்படியே ஓட்டினா அதுவும் உருகும். பிளக் விலை எங்கே, கன்வர்ட்டர் விலை எங்கே!

அடுத்த எபிசோட்ல பாக்கலாம். பாத்து ஓட்டுங்க.