மேகம் யாருக்குச் சொந்தம்?

(திருவேங்கடத்தில் ஆலைத் தொழிலாளர், விவசாயத் தொழிலாளர் கூட்டத்தில் ஆற்றிய உரையின் சுருக்கம்)



மேகம் என்றதும் கரிசல் காட்டுக்காரர்களாகிய நாம் வானத்தைப் பார்ப்போம். இன்று நாம் பேசவந்த மேகம் மழை தராது. எங்கோ பெரிய கட்டடங்களில் ஆயிரக்கணக்கில் அடுக்கி வைத்து, வாடகைக்கு விடப்படும் கம்ப்யூட்டர்களுக்கு அந்தப் பெயர்.

டிராக்டர் இல்லாதவர் மணிக்கு இவ்வளவென்று பேசி உழுகிறார். வண்டி, டீசல், டிரைவர் எல்லாம் சொந்தக்காரர் பொறுப்பு. விதை மட்டும் நம்முடையது. மேகத் தளமும் அப்படித்தான். செயலி எழுதுகிறவர் நிரலைக் கொடுத்தால் போதும். அதை ஓட்டுவது, தகவலைச் சேமிப்பது, கூட்டம் பெருகினால் கம்ப்யூட்டரைக் கூட்டுவது எல்லாம் தளத்தின் வேலை. ஓடிய அளவுக்கு வாடகை. அமேசான் 2006-லும் கூகிள் 2008-லும் இந்த வியாபாரத்தில் இறங்கின. நம் தென்காசி மாவட்டத்து மத்தளம்பாறையில் அலுவலகம் வைத்துள்ள ஜோஹோவும் 'கேட்டலிஸ்ட்' என்ற தளத்தை நடத்துகிறது.

கைமுதல் இல்லாத நம் பிள்ளைகளும் இதனால் செயலி செய்ய முடியும். இது நன்மையே. யந்திரத்தை நாம் வெறுப்பவர்கள் அல்ல. அது யார் கையில் என்பதே நமது கேள்வி.

2025 ஜூலையில், குஜராத்தில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை நடத்தும் நயாரா கம்பெனிக்கு மைக்ரோசாஃப்ட் தன் சேவையை நிறுத்தியது. ஐரோப்பிய யூனியனின் தடை வந்ததே அதற்குக் காரணம். பணம் கட்டியும் பயனில்லை என்று கம்பெனி டில்லி ஐகோர்ட்டுக்குப் போனது. அதன் பிறகே சேவை திரும்பியது. அதே ஆண்டு அக்டோபர் 20 அன்று அமெரிக்காவின் வர்ஜீனியாவில் அமேசான் தளம் கோளாறானது. உலகெங்கும் எத்தனையோ செயலிகள் நின்றன.

முதலாளிக்கே இக்கதியென்றால் நமக்கு? நூறுநாள் வேலைக்கு 2023 ஜனவரி 1 முதல் செயலியில் படமெடுத்து வருகை பதிவது கட்டாயமாக்கப்பட்டது. சிக்னல் இல்லை, படம் ஏறவில்லை என்று வெயிலில் உழைத்தவர் கூலி சிக்கியது. டில்லி வரை சென்று தொழிலாளர்கள் போராடினார்கள்.

இன்னொன்று: ஒரு கம்பெனி எஞ்சினுக்கு வார்த்த பல்சக்கரம் வேறு எஞ்சினில் பொருந்தாது. ஒரே தளத்தின் கருவிகளை நம்பிக் கட்டிய செயலியையும் எளிதில் இடம் மாற்ற முடியாது. பிறகு அவர்கள் சொன்னதே வாடகை.

ஆகவே நாம் கேட்கிறோம்: மக்கள் தகவல் பொதுத்துறைத் தளத்தில் இருக்கட்டும். அரசுச் செயலிகள் எத்தளத்திலும் ஓடும் கட்டற்ற மென்பொருளில் அமையட்டும். கேரள அரசுப் பள்ளிகள் அத்தகைய மென்பொருளில்தான் பாடம் நடத்துகின்றன. செயலி தவறினால் கூலி தவறக் கூடாது. மஸ்டர் ரோல் தாளிலும் இருக்க வேண்டும். நம் பிள்ளைகளுக்கு இத்தொழிலை அரசே கற்பிக்கட்டும்.

உழுபவனுக்கே நிலம் என்றோம். உழைப்பவர் தகவலும் உழைப்பவருக்கே என்று இன்று சேர்த்துச் சொல்வோம்!