கற்ற சட்டம் கமக்காரர் வாசலுக்குச் செல்லட்டும்
(இலங்கைச் சட்டக் கல்லூரித் தமிழ் மாணவரின் பிரியாவிடை விழாவில் ஆற்றிய உரை)



1874ஆம் ஆண்டு தோன்றிய இக்கல்லூரியிலிருந்து நாம் விடைபெறும் வேளை நெருங்கிவிட்டது. இறுதித் தேர்வும் தொழிற்பயிற்சியும் முடிந்ததும், உயர் நீதிமன்றத்தில் சத்தியப்பிரமாணஞ் செய்து சட்டத்தரணிகளாவோம்.

இங்கு நாம் சாதித்தது யாது? எமக்கு முன்னிருந்தோர் தொடங்கிய 'நீதிமுரசு' ஏட்டைத் தொடர்ந்து வெளியிட்டோம். சட்ட நுணுக்கங்களைத் தமிழில் எழுதவும் வாதாடவும் பழகினோம். இது சிறு காரியமன்று. இக்கல்லூரித் தேர்வுகளை ஆங்கிலத்திலேயே நடத்த வேண்டுமென்ற விதி 2020 டிசம்பரில் வர்த்தமானியில் வெளியாயிற்று. 2023 மார்ச்சில் நாடாளுமன்றம் அதனை நிராகரித்தது. ஆயினும், தமிழிற் சட்டநூல்கள் பெருகாவிடின் அவ்வெற்றி பெயரளவிலேயே நிற்கும்.

ஆங்கிலத்தை நாம் பகைக்கவில்லை. மேன்முறையீட்டுத் தீர்ப்புகளிற் பெரும்பாலானவை அம்மொழியிலேயே உள்ளன. அதனை நன்கு கற்றேயாக வேண்டும். ஆனால், வழக்கின் சுமையைத் தாங்குபவன் கமக்காரன். அவனுக்கு விளங்காத நீதி அவனுக்குக் கிடைத்த நீதியாகுமா? 1707இல் ஒல்லாந்தர் ஆட்சியில் எழுத்துருப் பெற்ற தேசவழமை இன்றும் யாழ்ப்பாணத்துக் காணிகளை ஆள்கின்றது. பங்குக் காணியை வெளியாருக்கு விற்குமுன் பங்காளிக்கு அறிவித்தல் வேண்டுமென்பது அதன் முறை. இதனை அறியாது உறுதி முடித்துவிட்டு, ஆண்டுக்கணக்காக நீதிமன்றப் படியேறி அலைவோரும் உளர்.

ஆதலின், விடைபெறுமுன் மூன்று தீர்மானங்கள் செய்துள்ளோம். முதலாவது, விருந்துக்கெனச் சேர்த்த பணத்திற் பாதியைக் கொண்டு முதுசம், சீதனம், தேடியதேட்டம், பங்கு வழக்கு ஆகியவற்றை எளிய தமிழில் விளக்கும் கைந்நூலொன்றை அச்சிடுவோம். இரண்டாவது, சத்தியப்பிரமாணஞ் செய்த பின் ஒவ்வொருவரும் மாதத்தில் ஒரு நாள் தத்தம் ஊர் வாசிகசாலையில் அமர்ந்து, ஊரவர் கொணரும் உறுதிகளையும் கடிதங்களையும் ஊதியமின்றி வாசித்து விளக்குவோம். மூன்றாவது, நாம் தமிழில் எழுதிய பாடக்குறிப்புகள் அனைத்தையும் திருத்தித் தொகுத்து, பின்வரும் மாணவரிடம் ஒப்படைப்போம்.

பெரியோர்களே! கறுப்பு அங்கியை அணிவதால் மட்டும் எமக்குப் பெருமை வந்துவிடாது. எம் ஊரவர் தாம் கையொப்பமிடும் பத்திரத்தில் உள்ளதை நன்கறிந்து கையொப்பமிடும் நாளிலேயே நீங்கள் எம்மைப் படிப்பித்த செலவுக்குப் பயன் கிட்டியதாகும். அந்நாளை விரைவிற் கொணர உழைப்போமென உறுதி கூறி விடைபெறுகின்றோம்.