“அப்புறம் மச்சி, என்ன பண்ற?”

வழக்கமா இங்க டெக் விஷயம் பேசுவோம். இன்னைக்கு காலேஜ் வாட்ஸாப் குரூப் பத்திப் பேசலாம்னு இருக்கேன். உங்க போன்லயும் ஒண்ணு இருக்கும். மியூட்ல கிடக்கும், ஆனா அதுல இருந்து வெளிய வர மனசு வராது.

எங்களோடது 2019 மெக்கானிக்கல் பேட்ச். மொத்தம் 58 பேர். மெக்கானிக்கல் படிச்சவன் எப்படி சாஃப்ட்வேர்லன்னு கேக்காதீங்க, தமிழ்நாட்டுல அது ஒரு கேள்வியே இல்ல. கேம்பஸுக்கு வந்தது ஐ.டி. கம்பெனி. ஆப்டிட்யூட் கிளியர் பண்ணோம், ட்ரெயினிங்ல ஜாவா சொல்லிக் குடுத்தாங்க. அவ்வளவுதான்.

ஆரம்பத்துல குரூப்ல வர்ற செய்தி எல்லாம் ஒரே ரகம். சோழிங்கநல்லூர்ல எந்த பி.ஜி. நல்லா இருக்கும், யாருக்கு என்ன ப்ராஜெக்ட், யாரு பெஞ்ச்ல. அப்புறம் ரகம் மாறிடுச்சு. கல்யாணப் பத்திரிகை, விசா, ஃப்ளாட் சாவியோட ஒரு போட்டோ, குழந்தையோட பிஞ்சுக் கால். எல்லாத்துக்கும் கீழ வரிசையா “கங்க்ராட்ஸ் மச்சி”.

2022 நவம்பர்ல மெட்டா 11,000 பேரை அனுப்புறோம்னு அறிவிச்சாங்க. 2023 ஜனவரில கூகுள் 12,000 பேர். அதையெல்லாம் படிச்சப்போ எங்கயோ தூரத்துல நடக்குற மாதிரிதான் இருந்தது. அதே மார்ச்ல எனக்கும் ஒரு மீட்டிங் வந்தது. கம்பெனி பேர் வேண்டாம். 15 நிமிஷம் பேசினாங்க, முடிஞ்சது. லேப்டாப்பை கூரியர்ல அனுப்பச் சொன்னாங்க.

நான் அப்போ திருச்சில, வீட்டுல இருந்து வேலை பாத்துட்டு இருந்தேன். வீட்டுல சொல்லல. தினமும் ஒன்பது மணிக்கு என் சொந்த லேப்டாப்பைத் திறந்து, ஹெட்செட் மாட்டிட்டு உக்காந்துடுவேன். அம்மா டீயை சத்தமில்லாம வச்சுட்டுப் போவாங்க. அப்பாகிட்ட மெதுவா சொல்லுவாங்க, “தம்பி மீட்டிங்ல இருக்கான்.” மீட்டிங்கே இல்ல. நான் ஜாப் போர்ட்டல்ல ரெஸ்யூமே போட்டுட்டு இருப்பேன்.

அந்த மாசம் குரூப்ல ஒருத்தன் கல்யாண போட்டோ போட்டான். நானும் கங்க்ராட்ஸ் போட்டேன். உடனே ஒருத்தன் கேட்டான், “அப்புறம் மச்சி, என்ன பண்ற?” “அதே கம்பெனிதான்டா, போயிட்டிருக்கு”ன்னு டைப் பண்ணேன். யாரும் சந்தேகப்படல. ஏன் படணும்?

மே மாசம் ஒரு ராத்திரி என் லேப் பார்ட்னர் போன் பண்ணான். அவன் 2021லயே ஐ.டி. வேலையை விட்டுட்டு டி.என்.பி.எஸ்.சி. படிக்கப் போனவன். குரூப் 2 பிரிலிம்ஸ் 2022 மே, மெயின்ஸ் 2023 பிப்ரவரி. ரிசல்ட் எப்போ வரும்னு தெரியாம உக்காந்திருந்தான். எடுத்த எடுப்புலயே சொன்னான், “மச்சி, அந்தக் கல்யாணத்துக்கு மண்டபம் வாசல் வரைக்கும் வந்தேன்டா. உள்ள போனா என்ன பண்றன்னு கேப்பானுங்கன்னு திரும்பிட்டேன். நீ செட்டில் ஆயிட்ட, உனக்கு இது புரியாது.”

எனக்கு சிரிப்பு வந்துடுச்சு. “எனக்கு வேலை போய் ரெண்டு மாசம் ஆச்சுடா”ன்னேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்ல. அப்புறம் ரெண்டு பேரும் சேர்ந்து சிரிச்சோம். அப்புறம் அவன் கேட்டான், “அம்மாகிட்ட சொன்னியா?”

மறுநாள் அம்மாகிட்ட சொன்னேன். கொஞ்ச நேரம் பேசல. அப்புறம், “அப்போ இத்தனை நாளா நான் டிவி சத்தத்தைக் கம்மி பண்ணதெல்லாம் வேஸ்டா?”ன்னாங்க.

குரூப்ல போட இன்னும் மூணு நாள் ஆச்சு. “மார்ச்ல வேலை போயிடுச்சு. ஜாவா, ஸ்ப்ரிங் பூட், மூணரை வருஷ அனுபவம். ஓபனிங் இருந்தா சொல்லுங்க.” இருபது நிமிஷம் ஒரு பதிலும் இல்ல. டெலீட் பண்ணிடலாமான்னு கைல போனை வச்சுட்டே இருந்தேன்.

அப்புறம் மெசேஜ் வந்தது. குரூப்ல இல்ல, தனியா. அமெரிக்கால இருக்கிறவன் ஒருத்தன், அந்த வாரம்தான் ஏதோ ஏரிக்கரை போட்டோ போட்டிருந்தான். அவனுக்கும் வேலை போயிருக்கு. ஹெச்-1பில வேலை போனா அதிகபட்சம் 60 நாள்தான் டைம். அவன் நாளை எண்ணிட்டு இருந்திருக்கான். இன்னொருத்தி, கல்யாணத்துக்கு அப்புறம் வேலையை விட்டுட்டு கோயம்புத்தூர் போனவ. அவ எழுதினது இன்னும் மறக்கல: “உன்னையாவது என்ன பண்றன்னு கேக்குறாங்க. என்னை யாரும் கேக்குறதே இல்லடா.” நானும் கேட்டதில்ல.

ரெஃபரல் குடுத்தது மூணு பேர். ரெஃபரல்னா வேலை கன்ஃபார்ம்னு அர்த்தம் இல்ல. நூத்துக்கணக்கான ரெஸ்யூமேக்கு நடுவுல உங்களோடதை ஒரு மனுஷன் திறந்து பாக்க ஒரு சான்ஸ். இன்டர்வியூ நாமதான் கிளியர் பண்ணணும். ரெண்டு எடத்துல ரிஜெக்ட். மூணாவது கிண்டில ஒரு சின்ன கம்பெனி, அதுதான் கிடைச்சது. அந்த ரெஃபரல் குடுத்தவன்கிட்ட காலேஜ்ல நாலு வருஷத்துல நாலு வார்த்தை பேசியிருப்பேன். அரியர் வச்சிருந்தான், நாங்க கண்டுக்கவே மாட்டோம்.

லேப் பார்ட்னருக்கு ரிசல்ட் 2024 ஜனவரில வந்தது. அவன் நம்பர் இல்ல. அதை அவன் குரூப்ல போடல, எனக்குப் போன் பண்ணிச் சொன்னான். இப்போ திருச்சிலயே ஒரு கோச்சிங் சென்டர்ல கணக்கு எடுக்குறான், அடுத்த எக்ஸாமுக்கும் படிக்கிறான். குரூப்ல இன்னும் சத்தம் இல்லாமதான் இருக்கான்.

குரூப்ல எல்லாத்தையும் கொட்டுங்கன்னு நான் சொல்லல. 58 பேருக்கு முன்னாடி எல்லாராலயும் முடியாது. ஆனா ரொம்ப நாளா மெசேஜ் போடாத ஒரு ஆள் உங்க குரூப்ல இருப்பாங்க. அவங்களுக்கு இன்னைக்கு ஒரு போன் பண்ணுங்க. என்ன பண்றன்னு ஆரம்பிக்காதீங்க. உங்களுக்கு சரியா போகாத ஒண்ணை முதல்ல நீங்க சொல்லுங்க. அன்னைக்கு என் நண்பன் செஞ்சது அதுதான்.

அடுத்த வாரம் மறுபடியும் டெக்தான், பயப்படாதீங்க. பாக்கலாம் மக்களே.